ஸ்டீயரிங் கனத்த கதை

மோட்டார் வண்டியில் எனக்கு நன்றாகத் தெரிந்த பாகங்கள் மூன்று. கதவு, ஸீட், ஹாரன். அப்படிப்பட்டவன் ஸ்டீயரிங் சக்கரத்தின் சரித்திரத்தை எழுத வந்திருக்கிறேன் என்றால், அதற்கு அயோவாக் கிழவர் ஒருவர்தான் காரணம்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் மூன்று மாதம் விருந்தாளியாக இருந்தேன். எழுத்தாளன் என்று பெயர். வேலை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது. நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு வயது எண்பத்திரண்டு. ஊருக்கு வெளியே மக்காச்சோள நிலம் வைத்திருந்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் தினம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நம் ஊர் மிராசுதார்களிடமும் இந்த வியாதியைப் பார்த்திருக்கிறேன்.

அவர் போவது ஒரு பழைய பிக்கப் வண்டியில். முன்னால் உட்கார ஓர் அறை, பின்னால் சாமான் ஏற்றத் திறந்த பெட்டி, அதுதான் பிக்கப். 1970-களில் வாங்கியது. எந்தக் கம்பெனி வண்டி என்பது இந்தக் கதைக்கு அவசியம் இல்லை. பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டி என்பது அவசியம். அதாவது, சக்கரத்தைத் திருப்புகிற பாரத்தில் பெரும்பகுதியை எஞ்சினே ஏற்றுக்கொள்ளும். ஓட்டுகிறவர் இரண்டு விரலால் திருப்பினால் போதும்.

அயோவாவின் கிராமப்புறச் சாலைகள் சதுரங்கப் பலகையில் கோடு போட்ட மாதிரி மைலுக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. வளைவு நெளிவு கிடையாது. திருப்பம் என்று வந்தால் சுவரின் மூலை மாதிரி நேர் செங்கோணத் திருப்பம். ஒரு நாள் மாலை அப்படிப்பட்ட மூலையில் வண்டி திரும்ப மறுத்தது. கிழவர் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறார். முழங்கைகள் நடுங்குகின்றன. வண்டியோ பாதி திரும்பி, சாலை ஓரத்துப் புல்லில் இறங்கி, பள்ளத்துக்கு இரண்டடி முன்னால் நின்றது.

எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் தம் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்விட்டது" என்றார்.

"எது போய்விட்டது?" என்றேன்.

"என் கைதான்."

அப்புறம் மெல்ல விஷயம் வெளிவந்தது. மூன்று வாரமாகவே சக்கரம் சில நாள் கனக்கிறதாம், சில நாள் பழையபடி லேசாக இருக்கிறதாம். வயசாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வண்டிச் சாவியைக் கொடுத்துவிடும்படி மகன் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியூர் நகரத்தில் இருக்கும் மகனுக்கு அது ஒரு சாவி. சாலையிலிருந்து மூன்று மைல் உள்ளே, பஸ் என்பதே இல்லாத இடத்தில் நிலம் வைத்திருக்கிறவருக்கு, அது போனால் எல்லாம் போன மாதிரி.

அவருக்கு ஒரு பேத்தி. டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. அன்றிரவு அவளிடம் மட்டும் சொன்னார். அதுவும் கை தளர்ந்த விஷயத்தைச் சொல்லவில்லை. பம்பு கெட்டுவிட்டது, புதுப் பம்புக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னார். அவள் சாமர்த்தியசாலி. அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, கை என்பது திங்கட்கிழமை பலவீனமாகவும் செவ்வாய்க்கிழமை பலமாகவும் இருக்காது. இயந்திரம்தான் அப்படி இருக்கும். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன். அதுவரை வண்டியைத் தொடக் கூடாது" என்றாள்.

சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. கல்லூரி நூலகத்தில் போய் இந்தப் பவர் ஸ்டீயரிங் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். வேறு வேலை இல்லை என்பதைத்தான் முன்பே சொல்லிவிட்டேனே.

பழைய கால மோட்டார் லாரியை ஓட்டியவர்களின் பாடு சாமானியமல்ல. முன் அச்சின் மேல் டன் கணக்கில் பாரம். அத்தனையையும் மனிதனுடைய தோள்தான் திருப்ப வேண்டும். அதற்காகச் சக்கரத்தைப் பெரிதாக்கினார்கள். ஸ்டீயரிங் பெட்டியில் பல் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். ஆனால் இயந்திர சாஸ்திரத்தில் இலவசம் என்று ஒன்று கிடையாது. பலத்தை மிச்சப்படுத்தினால் சுற்று கூடும். ஒரு மூலை திரும்புவதற்குள் சக்கரத்தை நாலைந்து தடவை சுற்ற வேண்டும். சுற்றைக் குறைத்தால் மறுபடி பாரம் வந்து சேரும்.

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பியர்ஸ்-ஆரோ என்று ஒரு கம்பெனி இருந்தது. செல்வந்தர்களுக்குச் சொகுசுக் கார் செய்தது, லாரிகளும் செய்தது. அந்த லாரிப் பிரிவில் தலைமை எஞ்சினீயராக இருந்தவர் பிரான்ஸிஸ் டேவிஸ். 1887-ல் பிறந்தவர், ஹார்வர்டில் படித்தவர். லாரிக்காரர்கள் படும் அவஸ்தையைத் தினமும் கண்ணால் பார்க்கிற உத்தியோகம். 1920-களின் ஆரம்பத்தில், அந்த நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு, மாஸசூஸெட்ஸில் வால்த்தம் என்ற ஊரில் ஒரு சின்னப் பட்டறையை வாடகைக்குப் பிடித்தார். ஜார்ஜ் ஜெஸ்ஸப் என்ற கைதேர்ந்த கருவித் தொழிலாளியைத் துணைக்கு வைத்துக்கொண்டார். எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு சக்கரத்தைத் திருப்புவது என்பது உத்தேசம்.

எண்ணெயை உபயோகிக்கலாம் என்பது ஒன்றும் புதுமையல்ல. எண்ணெயை எப்போதும் உயர்ந்த அழுத்தத்தில் அடைத்து வைத்து, வேண்டும்போது திறந்துவிடுவது என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற யோசனை. அடைத்து வைத்த அழுத்தம் சும்மா இருக்குமா? எங்கே இடுக்கு கிடைக்கும் என்று பார்த்துக் கசிந்துகொண்டே இருக்கும். டேவிஸ் இதைத் தலைகீழாக மாற்றினார். எண்ணெய் எப்போதும் தடையில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பம்பிலிருந்து வந்து, திறந்த வால்வு வழியாகப் போய், மறுபடி தொட்டிக்கே திரும்பட்டும். வண்டி நேராகப் போகும்போது அழுத்தமே வேண்டாம். ஓட்டுகிறவர் சக்கரத்தைத் திருப்பும்போது மட்டும் வால்வு ஒரு பக்கம் கொஞ்சம் மூடும். மூடிய பக்கம் அழுத்தம் ஏறி, அது சக்கரங்களைத் தள்ளும்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் அமைதியாக ஓடும். குறுக்கே ஒரு கை மண்ணைப் போட்டால் அந்த இடத்தில் மட்டத்துக்கு மேல் ஏறி, நாம் நினைத்த பாத்திக்குள் திரும்பும். மண்ணைப் போட எவ்வளவு பலம் வேண்டும்? தேரில் முட்டுக்கட்டை போடுகிறவரையும் நினைத்துக்கொள்ளலாம். இழுக்கிறவர்கள் ஆயிரம் பேர். தேர் எந்த வீதியில் திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறவர் சக்கரத்தின் அருகே கட்டையோடு நிற்கும் ஒரே ஓர் ஆசாமி.

1926-ல் தம்முடைய பியர்ஸ்-ஆரோ காரிலேயே சாதனத்தைப் பொருத்தி, அதை ஓட்டிக்கொண்டு டெட்ராயிட் போனார் டேவிஸ். ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினீயர்கள் ஓட்டிப் பார்த்துச் சொக்கிப் போனார்கள். ஒப்பந்தம் ஆயிற்று. அவர்களோடு சேர்ந்து வருஷக்கணக்கில் வேலை செய்தார். 1931-ல் கண்டுபிடிப்பு உரிமையும் பதிவாயிற்று. காடிலாக் காரில் வரப் போகிறது, வந்துவிட்டது என்கிற நிலைமை. ஆனால் அமெரிக்காவே பொருளாதார மந்தத்தில் மூழ்கிக்கொண்டிருந்த காலம் அது. கார் வாங்கவே ஆள் இல்லாதபோது, காரின் சக்கரத்தை லேசாக்குகிற சாதனத்தை யார் வாங்குவார்கள்? செலவுக் கணக்கைப் போட்டுப் பார்த்த கம்பெனி 1934-ல் கையை விரித்துவிட்டது.

நாவலாசிரியனாக இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் ஒரு பந்துத்துவம் உண்டாகிவிட்டது. எழுதி முடித்த கையெழுத்துப் பிரதியைப் பிரசுரகர்த்தர் எட்டு வருஷம் வைத்திருந்துவிட்டு, "பிரமாதம், ஆனால் இப்போது வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

டேவிஸ் ஓயவில்லை. 1936-ல் பெண்டிக்ஸ் கம்பெனியோடு சேர்ந்தார். அப்போதும் கார்க் கம்பெனிகள் தயங்கிக்கொண்டே இருந்தன. இரண்டாவது உலக யுத்தம் வந்தது. கவசம் போர்த்திய ராணுவ வண்டிகளை மனிதத் தோளால் திருப்ப முடியாது என்று ஆனதும், செலவுக் கணக்கை யாரும் கேட்கவில்லை. பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் ஏறியது. அவருக்கு உத்தியோகம் கொடுத்திருந்த பியர்ஸ்-ஆரோ கம்பெனி அதைப் பார்க்க இல்லை; 1938-லேயே இழுத்து மூடப்பட்டுவிட்டது.

பொதுஜனம் வாங்கக்கூடிய காரில் முதன் முதலாக வந்தது 1951-ல், கிரைஸ்லர் கம்பெனியின் இம்பீரியல் காரில். எதை வைத்துச் செய்தார்கள் தெரியுமா? உரிமைக் காலம் முடிந்து போன டேவிஸின் கண்டுபிடிப்புகளை வைத்துத்தான். கண்டுபிடிப்பு உரிமைக்கு அப்போது அமெரிக்காவில் பதினேழு வருஷம் ஆயுள். 1931-ல் பதிந்தது 1948-ல் முடிந்துவிட்டது. போட்டிக் கம்பெனி முந்திக்கொண்டதைப் பார்த்ததும் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் பழைய ஞாபகம் வந்தது. ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முன் டேவிஸ் தங்களுக்குச் செய்து கொடுத்த வேலையைத் தூசி தட்டி எடுத்து, 1952-ல் காடிலாக்கில் கொண்டுவந்தார்கள். லாரிக்காரனை நினைத்துத் தொடங்கிய காரியம், ஆரம்பத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே கால் நூற்றாண்டு கழிந்து, பணக்காரச் சீமாட்டிகளின் காரில் போய் முதலில் உட்கார்ந்தது. பிறகுதான் படிப்படியாகப் பிக்கப் வண்டிகளுக்கும் இறங்கி வந்தது. டேவிஸ் 1978 வரை, தொண்ணூறு வயது வரை இருந்தார். தம் சாதனம் சர்வ சாதாரணமாகிவிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அந்த மட்டில் திருப்தி.

ஆனால் சாதாரணமானதில்தான் ஒரு சங்கடம் புகுந்தது. எஞ்சின் உதவிக்கு இருக்கிறது என்ற தைரியத்தில், வண்டி செய்கிறவர்கள் சக்கரத்தைச் சிறியதாக்கினார்கள். சுற்று எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஆகவே உதவி நின்று போனால் வண்டி பழைய காலத்து வண்டி ஆகிவிடுவதில்லை, அதைவிட மோசமாகிவிடுகிறது. குறைந்த சுற்றின் பாரம் முழுவதையும் கை ஏற்க வேண்டும். போதாக்குறைக்கு, பெட்டிக்குள் இருக்கிற எண்ணெயையும் அந்தக் கையே தள்ள வேண்டும். இளைஞனையே திணற அடிக்கும். பாவம், கிழவர் தம் கையைச் சந்தேகித்ததில் வியப்பு என்ன?

சனிக்கிழமை காலை பேத்தி வந்தாள். கொட்டகையில் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் அவள் கையில் எடுத்தது டயரின் காற்றை அளக்கும் கருவி. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் முன் டயரில் காற்று குறைந்தாலே சக்கரம் கனக்குமாம். இரண்டு டயரும் சரியாக இருந்தன. பிறகு எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்தாள். மட்டம் சரி. நுரை இருக்கிறதா என்று பார்த்தாள். எண்ணெயோடு காற்று கலந்தால் அது வெளுத்து நுரைக்கும், பம்பு முனகும். இங்கே நுரை இல்லை, ஆனால் எண்ணெய் கறுத்திருந்தது. ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சில கறுப்புத் துணுக்குகள். ஒன்றும் சொல்லாமல் துணியை மடித்து வைத்துக்கொண்டாள்.

அடுத்தது பெல்ட். பம்பைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வருகிற ரப்பர் பெல்ட். அது தளர்ந்து வழுக்கினால் திருப்பும்போது கிறீச்சிடும். நின்ற இடத்தில் கனக்கும், வண்டி ஓடினால் லேசாகும். பெல்ட் விறைப்பாக இருந்தது. குழாய்களில் கசிவு இல்லை. முன் பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினாள். மூட்டுகள் கிரீஸ் வறண்டு இறுகியிருந்தால் தூக்கிய நிலையிலும் பிடிவாதம் பண்ணுமாம். இங்கே எந்த இடத்திலும் இடறவில்லை.

"தாத்தா, கனக்கும்போது இடது பக்கம் கனத்ததா, வலது பக்கமா?"

"இரண்டு பக்கமும்தான்."

ஒரு பக்கம் மட்டும் கனத்தால் குற்றம் அநேகமாக ஸ்டீயரிங் பெட்டிக்குள் இருக்கும். இரண்டு பக்கமும் என்றால் பம்பு மேல் சந்தேகம் திரும்பும். சில பிக்கப் வண்டிகளில் பிரேக்குக்கும் இதே பம்புதான் பலம் தருகிறது. பெண்டிக்ஸ் கம்பெனி 1973-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. அப்படிப்பட்ட வண்டியில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சேர்ந்து கனத்தால் பம்பைப் பிடித்து உள்ளே போட்டுவிடலாம். கிழவரின் வண்டியில் அந்த வசதி இல்லை.

"நான்தான் சொன்னேனே, பம்புதான்" என்றார் கிழவர். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. புதுப் பம்பு போட்ட பிறகும் கனத்தால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தார் போலும்.

பேத்தி பட்டறையிலிருந்து கொண்டுவந்த அழுத்தமானியைப் பம்புக்கும் பெட்டிக்கும் நடுவே குழாயில் பொருத்தினாள். அதோடு ஒரு வால்வும் இருந்தது. எஞ்சினை ஓட விட்டு, வால்வை மூடினால், எண்ணெய் பெட்டிக்குப் போக வழி இல்லை. பம்பு தன் முழு பலத்தையும் காட்டியாக வேண்டும். சதுர அங்குலத்துக்கு ஆயிரம் ராத்தல் போல முள் ஏற வேண்டும். மூடுவது ஐந்து விநாடிக்குள்தான். அதற்கு மேல் போனால் நல்ல பம்பும் கெட்டுவிடும். முள் ஏறினால் பம்பு நிரபராதி, குற்றவாளி பெட்டிக்குள் இருக்கிறான். ஏறாவிட்டால் பம்புப் பக்கம்.

டேவிஸின் வாய்க்கால் என் ஞாபகத்துக்கு வந்தது. வாய்க்காலை அடைத்துத் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கிறாள், வேறொன்றுமில்லை. அவர் எந்த வழியாக யோசித்துக்கொண்டு போனாரோ, அதே வழியில் அவள் திரும்பி நடந்து வருகிறாள்.

மூடினாள். முள் கொஞ்சம் அசைந்தது, ஏறவில்லை.

"சரி, பம்பை வரவழைத்துவிடுவோம்" என்று கிழவர் எழுந்தார்.

"உட்காருங்கள் தாத்தா. பம்பு தேய்ந்திருந்தால் தினமும் கனக்கும். சில நாள் லேசாக இருக்கிறது என்றால் தேயவில்லை, எதிலோ மாட்டிக்கொள்கிறது."

எஞ்சின் வேகமாக ஓடும்போது பம்பும் வேகமாகச் சுழன்று, தேவைக்கு மேல் எண்ணெயைத் தள்ளும். அந்த உபரியைப் பம்புக்குள்ளேயே திருப்பிவிடுவதற்கு, எண்ணெய் வெளியேறும் வாய்க்குப் பின்னால் ஒரு சிறு வால்வு இருக்கிறது. விரல் பருமன், பின்னால் ஒரு ஸ்பிரிங். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், பம்பு எவ்வளவு உழைத்தாலும் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்குக்குப் போய்ச் சேராது.

ஸ்பானரால் வாய்ப்பக்கத்து மூடியைக் கழற்றினாள். தானாக வெளியே வந்து விழ வேண்டிய வால்வு வரவில்லை. காந்தத் தண்டை விட்டு மெதுவாக இழுத்தாள். வெளியே வந்ததைத் துணியில் வைத்து எங்களிடம் காட்டினாள். பளபளப்பான எஃகின் பக்கத்தில் தலைமயிர் போன்ற ஒரு கீறல். அதில் ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்புத் துணுக்கு.

"ரப்பர்" என்றாள். வெளியே கசியாத குழாய் உள்ளே உளுத்துக்கொண்டிருந்தது. நாற்பது வருஷத்து ரப்பர், எண்ணெயில் ஊறி உதிர்ந்து, பெட்டியிலிருந்து தொட்டிக்கும் தொட்டியிலிருந்து பம்புக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. துணுக்கு வால்வின் இடுக்கில் வந்து உட்கார்ந்த நாளில் கை தளர்ந்தது. விலகிய நாளில் கை பலம் பெற்றது.

வால்வின் கீறலை மிக மெல்லிய உப்புத் தாளால் பட்டும் படாமலும் தேய்த்தாள். பம்பின் துளைக்குள் போட்டுப் பார்த்தாள். தன் பாரத்திலேயே வழுக்கி இறங்கியது. பழைய எண்ணெயை முழுக்க இறக்கி, இரண்டு குழாயையும் மாற்றி, புது எண்ணெய் ஊற்றினாள். முன் பக்கத்தைத் தூக்கிய நிலையிலேயே, எஞ்சினைப் போடாமல், சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பலமுறை நிதானமாகத் திருப்பி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினாள். அந்த வேலையில் மட்டும் எனக்கும் பங்கு கிடைத்தது.

இப்போது வருகிற பெரும்பாலான வண்டிகளில் இந்தக் காட்சிக்கே இடமில்லை. ஜப்பானில் 1988-ல் ஸுஸுகி செர்வோ என்ற சிறு காரில் மின்சார மோட்டாரே ஸ்டீயரிங்குக்கு உதவிக்கு வந்தது. 2011-ல் அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பிலும் பெரும்பாலான வகைகளில் அது ஏறிவிட்டது. எண்ணெய் இல்லை, பெல்ட் இல்லை. ஏதாவது கெட்டால் முன்னால் ஒரு விளக்கு எரியும். கெட்டது வண்டியா, தம் கையா என்று எந்தக் கிழவரும் இனி மூன்று வாரம் மனசுக்குள் புழுங்க வேண்டியதில்லை.

அழுத்தமானியின் முள் இந்தத் தடவை ஜிவ்வென்று ஏறியது. கிழவர் அதைப் பார்க்கவில்லை. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, சக்கரத்தின் மேல் இரண்டு விரலை வைத்தார். இடது பக்கம் திருப்பினார். வலது பக்கம் திருப்பினார். பிறகு பேத்தியைப் பார்த்து, "அந்த ஜாக்கியை எடு" என்றார்.

என்னையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நான்தான் சொன்னேனே, சதுரங்கப் பலகை மாதிரிச் சாலைகள். நாலு மூலை திரும்பினால் புறப்பட்ட இடம் வந்துவிடும். அன்று மாலை நாங்கள் பன்னிரண்டு மூலை திரும்பினோம்.